முன்பாரம், பின்பாரம், தங்கச்சியோட கேரவன்

மாதவரத்துல ஒரு எடை மேடையில பதினோரு வருஷமா உட்கார்ந்திருக்கேன். லாரி ஏறும், ஸ்கிரீன்ல நம்பர் ஓடி ஒரு இடத்துல நிக்கும், கிராஸ் டேர் நெட்னு, அதாவது மொத்த எடை, வெறும் வண்டி எடை, சரக்கு எடைன்னு ஸ்லிப் அடிச்சு ஜன்னல் வழியா நீட்டுவேன், அடுத்த வண்டி. இத்தனை வருஷத்துல நான் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, இருபது வருஷம் ஓட்டின டிரைவர் கூட வண்டியில எவ்வளவு லோடு இருக்குன்னு கண்ணால பாத்து சரியா சொன்னதில்ல. "பத்து டன் இருக்கும் சார்"னு சொல்வாரு, மேடை பன்னெண்டரை காட்டும், அவரு மேடையை சந்தேகமா பாப்பாரு. அதனால எடை விஷயத்துல யாராவது "அதெல்லாம் தாங்கும்"னு சொன்னா எனக்கு உடனே உடம்பு பதறும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி தங்கச்சி வீடியோ கால் பண்ணா. இங்கிலாந்துல லீட்ஸ்ல நர்ஸா இருக்கா, மாப்பிள்ளை அங்கயே ஒரு கம்பெனியில வேலை, ரெண்டு பசங்க. "அண்ணா, கேரவன் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், வாங்கிடலாம்னு இருக்கோம்"னா. அம்மாவுக்கு புரியவே இல்ல, ஏன்னா சென்னையில கேரவன்னா வடபழனி வளசரவாக்கம் பக்கம் ஷூட்டிங் நடக்குற தெருவுல நிக்கும் பாருங்க, நடிகர்ங்க மேக்கப் போட்டுக்குற பெரிய ஏசி வண்டி, அதுதான். "உனக்கெதுக்குடி அது"ன்னு கேட்டாங்க. அவ சொன்னது வேற. அதுல இன்ஜின் கிடையாது. ரெண்டு சக்கரம், அதுக்கு மேல ஒரு சின்ன வீடு, கட்டில் அடுப்பு பாத்ரூம் எல்லாம் உள்ள, காருக்கு பின்னாடி கொக்கி போட்டு இழுத்துக்கிட்டு போய் லீவு நாள்ல எங்கயாவது நிறுத்தி தங்குறது. அங்க ரொம்ப சகஜமாம்.

போட்டோ அனுப்பினா. பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாடியை போட்டுக்கிட்டு போனை வாங்கி பெரிசு பண்ணி பாத்தாரு. அப்பா ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டினவரு, 28 வருஷம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னரோட ராத்திரி முழுக்க க்யூவுல நின்னே பாதி வாழ்க்கையை கழிச்சவரு. கேரவனை அவரு பாக்கவே இல்ல, கொக்கியைத்தான் பாத்தாரு. "இது என்னடா, காரோட வாலுக்கு பின்னாடி தொங்குது?"ன்னாரு.

அந்த ஒரு கேள்வியிலயே பாதி விஷயம் இருக்கு, அதனால கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். கன்டெய்னர் டிரெய்லர்ல பின்னாடி வர்ற பாரத்துல பெரிய பங்கு முன்னாடி இருக்குற இன்ஜின் வண்டி மேலயே உட்காரும், டிரெய்லரை மாட்டுற ஃபிஃப்த் வீல்னு ஒரு தட்டு, அது இன்ஜின் வண்டியோட பின் சக்கரத்துக்கு மேல கிட்டத்தட்ட நேரா இருக்கும். அதனால டிரெய்லர் லேசா ஆடினாலும் அந்த ஆட்டம் நேரா சக்கரத்துக்கு போகும், சக்கரம் ரோட்டை பிடிச்சுக்கும். கேரவன்ல அப்படி இல்ல. கொக்கி உருண்டை காரோட பம்பருக்கும் பின்னாடி, பின் சக்கரத்துல இருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். கதவை கீல் பக்கம் தள்ளிப் பாருங்க, அசையாது, கைப்பிடி பக்கம் ஒரு விரல் போதும். கேரவன் பக்கவாட்டுல ஆடுறப்ப காரோட கைப்பிடி பக்கத்தைத்தான் பிடிச்சு ஆட்டுது. கார் லேசா இருந்தா காரோட பின்பக்கமும் சேர்ந்து ஆடும், முன் சக்கரம் வேற பக்கம் பாக்கும், ஸ்டியரிங் கையில இருக்கும் ஆனா வண்டி கையில இருக்காது.

இதை அப்பா சொல்லிக்கிட்டு இருக்குறப்பவே மாப்பிள்ளை முகம் மாறிடுச்சு. அப்பறம்தான் வெளிய வந்துச்சு. அதுக்கு முந்தின சம்மர்ல தெரிஞ்சவர் ஒருத்தரோட கேரவனை நாலு நாளைக்கு வாங்கிட்டு வேல்ஸ் பக்கம் போயிருக்காங்க. எம்62னு ஒரு மோட்டர்வே, லீட்ஸ்ல இருந்து மேற்க மலையை தாண்டி போகுது, இங்கிலாந்துலயே உயரமான மோட்டர்வே அதுதான், உச்சியில 372 மீட்டர், எப்பவும் காத்து அடிக்கிற இடம். உச்சியை தாண்டி இறக்கத்துல போறப்ப ஒரு பெரிய லாரி இவங்களை ஓவர்டேக் பண்ணியிருக்கு. லாரி முன்னாடி தள்ளிக்கிட்டு வர்ற காத்து கேரவனை முதல்ல வெளிப்பக்கம் தள்ளும், லாரி தாண்டினதும் உள்பக்கம் இழுக்கும். அப்படி ஒரு தடவை தள்ளி ஒரு தடவை இழுத்ததுல கேரவன் ஆட ஆரம்பிச்சுடுச்சு, இடது வலது இடது வலது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமா. பின் சீட்டுல பசங்க. தங்கச்சி சொன்னா, "கண்ணாடியில பாத்தா அண்ணா, ஒரு தடவை கேரவனோட இடது சுவர் தெரியுது, அடுத்த செகண்ட் வலது சுவர் தெரியுது"ன்னு. மாப்பிள்ளை பயத்துல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை இறுக்கி பிடிச்சுக்கிட்டு உறைஞ்சு போயிட்டாரு. அவரு தெரிஞ்சு பண்ணல, ஆனா செய்ய வேண்டியது அதேதான். பிரேக்கை அமுக்கக்கூடாது, ஸ்டியரிங்கை ஆட்டத்துக்கு எதிர்த்து திருப்பக்கூடாது, வேகம் தானா குறையணும், குறைஞ்சா ஆட்டம் அடங்கும். அடங்குச்சு. எங்க யார்கிட்டயும் ஒரு வருஷமா சொல்லல. அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க.

"அந்த வண்டி எவ்வளவு எடை, கார் எவ்வளவு எடை?"ன்னு கேட்டேன். தெரியாதுன்னாரு. "இப்ப வாங்கப் போறது?" "விக்கிறவங்க சொன்னாங்க மச்சான், இந்த கார் தாராளமா இழுக்கும்னு."

எனக்கு கோவம் வந்தது இந்த வார்த்தையிலதான். இழுக்கும். இழுக்கத்தான் செய்யும், யார் இல்லன்னது? காசிமேட்டுல மீன்பாடி வண்டி அரை டன் ஐஸை இழுக்குது. இன்ஜின் பவரை வச்சு இதை முடிவு பண்றவங்க எல்லாருமே தப்பான கேள்வியை கேக்குறாங்க, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மேட்டுல ஏறுறப்ப பவர் பத்தலன்னா மெதுவா போவீங்க, அவ்வளவுதான் நஷ்டம். இறக்கத்துல காத்துல பின்னாடி இருக்குறது காரை ஆட்ட ஆரம்பிச்சா அப்ப காப்பாத்துறது காரோட எடை, வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற) நீளம், அப்பறம் பாரம் ஏத்தின விதம். குதிரைசக்தி அங்க எதுக்கும் உதவாது.

சரி, கணக்கு போடலாம்னு உட்கார்ந்தோம். கார் கதவை தொறந்தா பில்லர்லயோ பானெட்டுக்கு அடியிலயோ ஒரு தகடு இருக்கும், வின் பிளேட்டு, அதை போட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். அதுல நாலு வரி எடை. முதல் வரி காரும் அதுக்குள்ள ஏத்துற எல்லாமும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு, இவங்களுது 1,950 கிலோ. ரெண்டாவது வரி காரும் பின்னாடி கட்டின வண்டியும் ரெண்டும் சேர்ந்து, கிராஸ் டிரெயின் வெயிட், 3,300 கிலோ. மூணாவது முன் ஆக்ஸில், நாலாவது பின் ஆக்ஸில் 1,000 கிலோ. கார் புத்தகத்துல இழுக்கலாம்னு போட்டிருந்த எடை 1,500 கிலோ. வாங்கப் போற கேரவனோட எம்டிபிஎல்எம் 1,400 கிலோ, அதாவது உள்ள சாமான் எல்லாம் ஏத்தினதுக்கு அப்பறம் அதிகபட்சம் அவ்வளவுதான் இருக்கணும்னு கம்பெனி சொல்ற எடை. 1,500க்கு 1,400, சரியாத்தானே இருக்குன்னு விக்கிறவங்க கணக்கு. ஆனா ரெண்டாவது வரியை யாருமே பாக்கல. நாலு பேரு, டிக்கியில சாமான், கார் முழு எடை 1,950 வந்துட்டா 3,300ல மிச்சம் 1,350 தான். கேரவன் 1,400. அப்பவே 50 கிலோ சட்டத்துக்கு வெளிய. எங்க மேடையில தினமும் பாக்குற அதே கதைதான்.

இது சட்டக்கணக்கு. பாதுகாப்புக்கணக்கு இதைவிட கறார். பிரிட்டன்ல கேரவன் கிளப்புங்க எல்லாம் ரொம்ப நாளா சொல்ற ஒரு அளவு இருக்கு, 85 சதவீதம். கேரவனோட எம்டிபிஎல்எம், காரோட கெர்ப் வெயிட்ல 85 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, முக்கியமா புதுசா இழுக்குறவங்களுக்கு. கெர்ப் வெயிட்னா கார் ஆள் சாமான் இல்லாம ரோட்டுல ஓட ரெடியா நிக்கிற எடை, எங்க பாஷையில டேர். (சில பேப்பர்ல டிரைவருக்கு 75 கிலோ சேர்த்து போட்டிருப்பாங்க, எதுன்னு பாத்துக்கணும்.) இது சட்டம் இல்ல, அறிவுரை, அனுபவம் உள்ளவங்க 100 வரைக்கும் போறாங்க, அதுக்கு மேல யாரும் போகவே கூடாது. இவங்க கார் கெர்ப் வெயிட் 1,450. அதுல 85 சதவீதம் 1,232. பாத்து வச்சிருந்த கேரவன் 96 சதவீதத்துக்கு மேல போகுது, ஓட்டப் போறது ஒரே ஒரு தடவை இழுத்து அதுலயும் பாம்பு மாதிரி நெளிஞ்ச அனுபவம் உள்ளவரு.

இன்னொண்ணு சொல்லணும். அங்க முன்னாடி 1997க்கு அப்பறம் லைசென்ஸ் எடுத்தவங்க காரும் டிரெய்லரும் சேர்ந்து கொஞ்சம் பெரிய காம்பினேஷன் இழுக்க தனியா டெஸ்ட் கொடுக்கணும். 2021 டிசம்பர் 16ல இருந்து அது இல்ல, சாதா கார் லைசென்ஸ் இருந்தா 3,500 கிலோ வரைக்கும் டிரெய்லர் இழுக்கலாம். நல்லதுதான், செலவு மிச்சம். ஆனா முன்னாடி அந்த டெஸ்ட்டுக்காக ரெண்டு நாள் யாராவது பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கொடுத்திருப்பாங்க, இப்ப அதுவும் இல்ல, கணக்கை நாமளே போட்டாத்தான் உண்டு. மாப்பிள்ளையை நான் அப்பறம் வற்புறுத்தி ஒரு நாள் கோர்ஸ் போக வச்சேன்.

அந்த கேரவனை விட்டுட்டாங்க. கொடுத்த அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு, அதுல தங்கச்சிக்கு ரொம்ப வருத்தம், பரவால்லமான்னேன். ரெண்டு மாசம் தேடி கொஞ்சம் சின்னது ஒண்ணு கிடைச்சுது, நாலு பேர் படுக்கலாம், எம்டிபிஎல்எம் 1,200. 83 சதவீதம் கூட வரல. வெறும் வண்டி எடை 1,040. அப்ப சாமானுக்கு 160 கிலோ இருக்கு, அது நிறைய மாதிரி தெரியும்.

தெரியும், ஆனா இல்ல. நான் ஒரு பேப்பர்ல எழுத சொன்னேன். பேட்டரி 22 கிலோ. வாசல்ல கட்டுற கூடாரம் 24. கேஸ் சிலிண்டர் நிறைஞ்சது 15. படுக்கை போர்வை 20. மடக்கு நாற்காலி மேஜை 18. தண்ணி கேன், கரண்ட் வயர், ஜாக்கி. இதுக்கே நூறை தாண்டிடுச்சு, இன்னும் துணி இல்ல, சாப்பாடு இல்ல. அப்பறம் மெதுவா கேட்டேன், வேற என்ன எடுத்துட்டு போவன்னு. கொஞ்சம் தயங்கி "டேபிள் டாப் கிரைண்டர்"னா. பசங்களுக்கு காலையில இட்லி இல்லன்னா ஆகாதாம். பதினோரு கிலோ, அது கூட இட்லி பானை, பத்து கிலோ அரிசி. நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா கிரைண்டரை காருக்குள்ள முன் சீட்டுக்கு பின்னாடி கீழ வைன்னேன், இல்ல மாவை வீட்டுலயே அரைச்சு எடுத்துட்டு போன்னேன். மாவுதான் முடிவாச்சு. தொட்டியில தண்ணி ரொப்பிக்கிட்டு போகக்கூடாது, 40 லிட்டர்னா 40 கிலோ, போற இடத்துல பிடிச்சுக்கலாம்.

எவ்வளவு ஏத்துறோம்ங்கிறதுக்கு சமமா எங்க ஏத்துறோம்ங்கிறதும் முக்கியம், இங்கதான் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்தாரு. உத்திரமேரூர் பக்கத்துல எங்க ஊரு. தாத்தாகிட்ட ஒரு கட்டை வண்டி இருந்துச்சு. நெல் மூட்டை ஏத்துறப்ப தாத்தா மூட்டைகிட்ட நிக்க மாட்டாரு, நுகத்தடிகிட்ட நின்னு கையால பிடிச்சு தூக்கி தூக்கி பாத்துக்கிட்டே "பின்பாரம், ரெண்டு மூட்டை முன்ன தள்ளு"ன்னுவாரு. பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல எழும்பி கயிறு மாட்டோட கழுத்தை இறுக்கும். முன்பாரம் ஆச்சுன்னா கழுத்து அழுந்தி மாடு முட்டி போட்டுடும். கையில தூக்குறப்ப கொஞ்சம் கனக்கணும், ரொம்ப கனக்கக்கூடாது. கரும்பு ஏத்தின டிராக்டர் முன் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தூக்கிக்கிட்டு நிக்கிறதை பாத்திருப்பீங்க, அது டிரெய்லரோட முன்பாரம் டிராக்டரோட பின்பக்கத்தை கீழ அழுத்துனது, கார்ல அது நடந்தா ஸ்டியரிங்கும் பிரேக்கும் பாதி போச்சு.

கேரவன் காரங்க இதையே நோஸ்வெயிட்னு சொல்றாங்க. கொக்கி மேல கீழ்நோக்கி அழுத்துற எடை, கேரவனோட ஏத்தின எடையில 5ல இருந்து 7 சதவீதம் இருக்கணும். (ஆஸ்திரேலியாவுல பத்து சதவீதம் கிட்ட வைக்கிறாங்க, அவங்க வண்டி கனமானது, காரும் அப்படி.) 1,200க்கு 60ல இருந்து 84 வரைக்கும். ஆனா காரோட கொக்கிக்குன்னு தனியா ஒரு எல்லை இருக்கு, இவங்களுது 75 கிலோ, எது குறைவோ அதுதான் கணக்கு. பின்பாரமா இருந்தா, அதாவது நோஸ்வெயிட் கம்மியா இருந்தா, நெளியுறதுக்கு அதைவிட பெரிய காரணமே வேண்டாம். மாப்பிள்ளை குளியலறை எடை மெஷினை எடுத்துட்டு வந்து மேல ஒரு பலகை போட்டு, கொக்கி உருண்டை உயரத்துக்கு ஒரு கட்டையை அறுத்து நிறுத்தி, சக்கரத்துக்கு கல் வச்சுட்டு, முன்னாடி இருக்குற சின்ன சக்கரத்தை மெதுவா மேல ஏத்தினாரு. வீடியோ கால்ல நாங்க மூணு பேரும் பாக்குறோம். முள்ளு 48ல நின்னுச்சு. அப்பா "பின்பாரம்"னாரு. தாத்தா குரல் மாதிரியே இருந்துச்சு எனக்கு.

பாத்தா, கூடாரத்தை பின்பக்க கட்டிலுக்கு அடியில வச்சிருக்காங்க. பின்பக்கத்துக்கு பதிலா முன்னாடி கோடியில வச்சு சரிபண்ணலாம்னு மாப்பிள்ளை சொன்னாரு, அதுவும் தப்பு. ரெண்டு முனையிலும் குடம் தொங்குற கம்பை தோள்ல போட்டுக்கிட்டு சட்டுனு திரும்பிப் பாருங்க, திரும்ப ஆரம்பிச்சா நிக்காது. கனமானது எல்லாம் கீழ, தரையில, அச்சுக்கு நேரா இல்ல அச்சுக்கு கொஞ்சம் முன்னாடி, மேல் அலமாரியில துணி ரொட்டி மாதிரி லேசானது மட்டும். அப்படி மாத்தி வச்சதும் 70 காட்டுச்சு.

பிரேக்கு பத்தி அப்பாவுக்கு பெரிய கவலை. "காத்து பிரேக் இல்லியா? அப்ப எப்படி நிக்கும்?" பெரிய வண்டி மாதிரி இல்லப்பா, கார் வேகம் குறைஞ்சா கேரவன் முன்னாடி வந்து முட்டும், அந்த முட்டுற அழுத்தத்துலயே கொக்கித் தண்டு உள்ள போய் கம்பி வழியா கேரவன் பிரேக்கை பிடிக்கும்னு விளக்குனேன். கொக்கி கழண்டுட்டா? அதுக்கு ஒரு மெல்லிசு கேபிள் கார்ல மாட்டியிருக்கும், அது இழுத்து கேரவனோட ஹேண்ட் பிரேக்கை போட்டுவிட்டு அறுந்துடும். இதை கேட்டு அப்பா ரொம்ப நேரம் தலையாட்டிக்கிட்டு இருந்தாரு, பிடிச்சிருந்துச்சு அவருக்கு. கேரவன் காரைவிட அகலம்ங்கிறதால பக்க கண்ணாடியில நீட்டு கண்ணாடி மாட்டணும், மோட்டர்வேல மணிக்கு 60 மைல் தான், சாதா ரோட்டுல 50, மூணு லேன் இருந்தா வலது ஓர லேனுக்கு போகவே கூடாது. மாப்பிள்ளைக்கு நான் 55 தாண்டாதீங்கன்னு சொல்லியிருக்கேன். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்குற குணமே கேரவனுக்கு குறைஞ்சுக்கிட்டே போகும், ஐம்பதுல அடங்குற அதே தள்ளு அறுபத்தஞ்சுல அடங்காது.

அப்பறம் நான் ஒரே ஒரு பிடிவாதம் பிடிச்சேன். சாமான், பசங்க, பெட்ரோல், மாவு டப்பா எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஒரு எடை மேடைக்கு போங்கன்னேன். அங்கயும் பொது எடை மேடை இருக்கு, சின்ன காசுதான். போனாங்க. கேரவனை மட்டும் கழட்டி விட்டுட்டு கார் தனியா 1,860. மாட்டினதுக்கு அப்பறம் கேரவன் சக்கரம் மட்டும் மேடை மேல, 1,098. கொக்கியில இருக்குற 70 சேர்த்தா கேரவன் 1,168, எல்லைக்கு 32 கிலோ கீழ. அந்த 70 கிலோவை கார் கணக்குலயும் சேர்க்கணும், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க, 1,930, எல்லை 1,950. இருபது கிலோதான் மிச்சம், ஆனா இருக்கு. மொத்தம் 3,028, எல்லை 3,300. பின் ஆக்ஸில் 985.

ஸ்லிப்பை வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. எங்க ஸ்லிப் மாதிரியேதான், தேதி, நேரம், நம்பர், அவ்வளவுதான், எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னது. பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல என் டேபிள் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கேன்.

சனிக்கிழமை கிளம்புறதா இருந்தாங்க. வெள்ளி ராத்திரி அப்பா போனை வாங்கி, "மாப்ள, கேரவன் டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், படிங்க"ன்னாரு. மாப்பிள்ளை டார்ச் அடிச்சுக்கிட்டு குனிஞ்சு படிச்சாரு, 2216. 2016ஆம் வருஷம் 22ஆவது வாரம் செஞ்ச டயர். டயர் மேல இருக்குற பட்டன் எல்லாம் புத்தம் புதுசா இருக்கு மாமா, தேயவே இல்லன்னாரு. ஓடாம வெயில்லயும் மழையிலயும் ஒரே இடத்துல நின்னுக்கிட்டு இருந்த டயர்தான் தேயாம உள்ளுக்குள்ள வெடிச்சு போகும், கேரவனுக்கு அஞ்சு வருஷத்துல, எப்படியும் ஏழுக்குள்ள மாத்திடணும். "பசங்க வருவாங்க இல்ல"ன்னாரு அப்பா, அவ்வளவுதான் சொன்னாரு. டயர் மாத்தி அடுத்த சனிக்கிழமை போனாங்க, மாவு புளிச்சு போச்சுன்னு தங்கச்சி புதுசா அரைச்சா.